திரும்பிப் பார்க்காத குதிரை

கண்மாய் மண்ணை மாற்றி வைத்தது முத்தழகுதான் என்பது மூன்று பேருக்குத் தெரியும். முத்தழகுக்குத் தெரியும். அய்யனாருக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

அக்கா சண்முகவள்ளிக்குத் தெரியாது. ஆனி மாதத்து இந்த வெள்ளிக்கிழமைக் காலையில் அவள் அரக்குப் பட்டு உடுத்தி, சுவரில் தொங்கிய கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏடி அழகு, பின்னால கொசுவத்தைக் கொஞ்சம் இழுத்து வுடு."

முத்தழகு குனிந்து மடிப்பை இழுத்தாள். பட்டு அவள் விரல்களுக்குள் நிற்காமல் வழுக்கியது.

"ஒன் கை இன்னைக்கும் ஆடுது."

"ஆடட்டும்."

"ஆடுற கையோட ஒனக்குக் கோவம் வேற." வள்ளி திரும்பித் தங்கையின் தாடையைப் பிடித்தாள். "சரி, மூஞ்சியத் தூக்காத. குதிரை சொல்ற மொத வார்த்தைய ஊருக்குச் சொல்றதுக்கு முந்தி ஒன் காதுல சொல்றேன். போதுமா?"

அந்தப் பிரியம்தான் முத்தழகைச் சுட்டது. அக்கா எப்போதும்போல் கேலி பேசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

வாகையேந்தலில் குதிரை எடுக்கிற வருஷத்தில், ஊர்த்தலைவர் அம்பலம் வீட்டுப் பெண் ஒருத்தி கண்மாய்க்குள் இறங்கி ஒரு பிடி மண் எடுத்துக் கொடுப்பாள். அந்தப் பிடிமண்ணைக் கலந்துதான் வேளார் மண்குதிரை செய்வார். கண் திறந்ததும் அதற்கு உயிர் வரும். மண் கொடுத்த கைக்கு மட்டும்தான் அதன் பேச்சுக் கேட்கும். அந்தக் கைக்குத்தான் அது கட்டுப்படும். ஐப்பசி வரைக்கும் கரையைச் சுற்றி வரும். எந்த இடத்தில் காலால் தட்டுகிறதோ அந்த இடம் வரைக்கும் தண்ணீர் ஏறும். கண்மாய் நிறைந்த அன்றைக்குத் தானும் தண்ணீருக்குள் இறங்கிக் கரைந்துவிடும்.

புயல் வருஷத்தில் கரை உடைந்தது. அதற்குப் பிறகு இரண்டு ஐப்பசி போய்விட்டது. கண்மாய் ஆட்டுக்குட்டி குடிக்கிற அளவுக்குக்கூட நிறையவில்லை. அதனால்தான் இந்த வருஷம் குதிரை.

பங்குனியில் ஊர் கூடியிருந்தபோது அய்யா பொன்னுச்சாமி அம்பலம் தன் இரண்டு பெண்களையும் பார்த்தார். "சின்னவ கை நடுங்கும். பெரியவ குடுக்கட்டும்" என்றார். வள்ளி சிரித்துக்கொண்டே, "ஆமா, இவ குடுத்தா பாதி மண்ணு வழியிலயே சிந்திரும்" என்றாள். ஊரே சிரித்தது. எட்டாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது தொடங்கிய நடுக்கம் அது. பள்ளிக்கூடத்தை விட்டும் அது விடவில்லை.

வள்ளி கண்மாயில் மண் எடுத்து வந்த அன்று மத்தியானம், அவள் கிணற்றடிக்குக் குளிக்கப் போனபோது, வெண்கலக் கும்பாவில் மூடி வைத்திருந்த அவளுடைய மண்ணை முத்தழகு தன் பழைய பள்ளிக்கூடத்து மஞ்சள் பையில் கொட்டிக்கொண்டாள். கண்மாய்க்கு ஓடினாள். உள்வாய் வெயிலில் வெந்து கல்லாகக் கிடந்தது. அக்கா கடப்பாரை போட்டு எடுத்த மண் அது. முத்தழகின் நகம்தான் உடைந்தது. கடைசியில் கரையில், புயலில் உடைந்த வாயை அடைத்திருந்த இடத்தில்தான் மண் பொலபொலவென்று கைக்கு வந்தது. ஒரு பிடி அள்ளிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள்.

இப்போது சொல்லிவிடலாம். அக்காவின் கை இன்னும் தாடையில்தான் இருந்தது. அறைந்தால் அறையட்டும்.

"அக்கா..."

"ஏத்தா! ரெண்டு பேரும் என்ன சீவிச் சிங்காரிச்சு முடிக்கலையா? வேளார் வீட்டுல கொட்டு அடிக்க ஆரம்பிச்சாச்சு" என்று வாசலிலிருந்து ஆத்தா கருத்தம்மாள் கத்தினாள்.

வள்ளியின் கை விலகியது. "வந்து சொல்லு" என்று ஓடினாள்.

கூத்தையா வேளாரின் முற்றத்தில் குதிரை நின்றது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம். சுண்ணாம்பு வெள்ளை உடம்பு, காவி பூசிய குளம்பு, கழுத்தில் அரளி மாலை. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"சும்மா சொல்லக் கூடாது வேளாரே, புது நயா பைசா கணக்கா மினுங்குது" என்றார் இருளாண்டி. அவர் அய்யாவின் தம்பி முறை. எந்தக் கூட்டத்திலும் அவர் வாய்தான் முதலில் கேட்கும்.

"கிட்டப் போகாதீக. கண்ணு தொறந்ததும் முதல்ல நிக்கிறவுக மேலதான் தும்மும்" என்றார் கூத்தையா.

"தும்மட்டும்ப்பா. ஈரத்தைப் பாத்து ரெண்டு வருஷமாச்சு."

கூட்டம் சிரித்தது. முத்தழகு ஆத்தாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கூத்தையா வாயில் துணி கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். மையைத் தொட்டு இடது கண்ணை எழுதினார். பிறகு வலது கண். இறங்கி வந்து, பழைய கைக்கண்ணாடி ஒன்றைக் குதிரையின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். கொட்டு நின்றது.

குதிரை தன்னையே பார்த்தது. முதலில் காது அசைந்தது. அப்புறம் கழுத்துத் தோலில் ஒரு சிலிர்ப்பு ஓடி, காய்ந்த சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்தது. தும்மியது. இருளாண்டியின் சட்டை முழுவதும் செம்மண் சேறு.

"சொன்னேன்ல" என்றார் கூத்தையா.

ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது முத்தழகின் கை நடுக்கம் நின்றது.

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டதுபோல் விரல்கள் அசையாமல் இருந்தன. அந்த உள்ளங்கையில் ஒரு குரல் கேட்டது. அது காதில் கேட்கிற குரல் இல்லை. உள்ளங்கைக்குள் ஒரு வண்டை மூடி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

'தாகமா இருக்கு' என்றது குதிரை.

அங்கே வள்ளி குதிரையின் மூக்கில் கையை வைத்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. மெல்ல மெல்ல அந்தச் சிரிப்பு இறுகியது. மற்றொரு கையையும் வைத்துப் பார்த்தாள்.

"என்னத்தா சொல்லுது?" என்று அய்யா கேட்டார்.

'இங்கன தண்ணி வாடை வேற மாதிரி இருக்கே' என்றது குதிரை, முத்தழகின் கையில்.

"வள்ளி, என்ன சொல்லுது?"

மண் கொடுத்த கைக்குக் கேட்கவில்லை என்றால் என்ன பெயர் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கை சுத்தமில்லை. அந்தச் சொல் ஒருத்தி மேல் ஒட்டினால் அவளோடு சுடுகாடு வரைக்கும் போகும். வள்ளி கூட்டத்தைப் பார்த்தாள். அவள் கண் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

"நிறையும்னு சொல்லுதுய்யா" என்றாள்.

குலவை கிளம்பியது. ஆத்தா அழுதேவிட்டாள். "எங்க அத்தை காலத்துலயும் இதே வார்த்தைதான்" என்று அய்யா பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முத்தழகு தரையைப் பார்த்தாள். அக்கா பொய் சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யை அக்காவின் வாயில் வைத்து அழுத்தியது தன் கை.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் கொட்டு, பின்னால் குதிரை. அதன் கழுத்தில் கை போட்டுக்கொண்டு வள்ளி நடந்தாள். நெருக்கத்தில் முத்தழகு அக்காவுக்கு அருகில் தள்ளப்பட்டாள்.

"என்னடி என்னையே பாக்குற?" வள்ளியின் உதடு அசையாமல் குரல் மட்டும் வந்தது.

"ஒண்ணுமில்ல."

"மொத வார்த்தைய ஒன் காதுல சொல்லலைன்னு கோவமா?"

"இல்லக்கா."

"பின்னால போ. போய் ஆத்தாகூட நட."

குதிரை காதைத் திருப்பியது. 'நீதானே எனக்குக் கை குடுத்தவ? ஏன் தள்ளித் தள்ளிப் போற?'

முத்தழகு கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். குரல் துணிக்குள்ளும் கேட்டது.

இரட்டைப் பனை வந்தது. வலது பக்கம் திரும்பினால் கண்மாய்க் கரையும் அய்யனார் கோயிலும். கொட்டுக்காரர்கள் வலது பக்கம் திரும்பினார்கள்.

குதிரை இடது பக்கம் திரும்பியது.

"எல்லையைச் சுத்திட்டு வரும்போல" என்றார் இருளாண்டி. கொட்டுக்காரர்கள் திரும்பி ஓடிவந்து மறுபடியும் முன்னால் சேர்ந்துகொண்டார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வள்ளி மட்டும் கழுத்து மாலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அரளிப் பூ கையோடு வந்தது.

உடைமரக் காட்டைத் தாண்டி எல்லைக்கல் தெரிந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் கடம்பேந்தல். அங்கே வரத்துக்கால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கொட்டுச் சத்தம் கேட்டு மண்வெட்டியோடு நிமிர்ந்தார்கள். நடுவில் நின்றவர் அந்த ஊர் அம்பலம், உக்கிரபாண்டி. ஒரே வரத்துக்காலில் தண்ணீர் வாங்குகிற இரண்டு ஊர்கள். வருஷா வருஷம் மடையில் சண்டை. புயலுக்குப் பிறகு பேச்சு வார்த்தையே இல்லை.

குதிரை எல்லைக்கல்லைத் தாண்டி இரண்டு கால்களை அந்தப் பக்கம் வைத்தது.

கொட்டு ஒவ்வொன்றாக நின்றது.

"என்ன அம்பலாரே, பொண்ணு பாக்க வந்தீகளா? தாம்பாளத்தைக் காணோம், குதிரை மட்டும் வருது" என்றார் உக்கிரபாண்டி. அவருடைய ஆட்கள் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள்.

அய்யாவின் முகம் கருத்தது. "வள்ளி, கூப்புடுத்தா."

"வா" என்றாள் வள்ளி.

குதிரை நின்ற இடத்தில் நின்றது.

"வா... இங்கன வா!"

குதிரை காதைக்கூடத் திருப்பவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது வள்ளியின் குரல் உடைந்து, கூப்பிட்டதுபோலவே இல்லை, கெஞ்சியதுபோல இருந்தது. குதிரை இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது.

அய்யா மகளுக்குப் பக்கத்தில் வந்தார். சத்தம் போடவில்லை.

"காலையில குதிரை என்ன சொல்லுச்சு?"

வள்ளி தலையைக் குனிந்தாள்.

"நெசமாச் சொல்லுச்சா?"

பட்டுச் சேலையின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பெண்கள் கூட்டத்தில் ஒரு குரல், "அப்பவே நெனச்சேன். கையில சுத்தமில்ல" என்றது. யார் குரல் என்று தெரியவில்லை. எல்லாருடைய குரலாகவும் இருந்தது.

அந்த நிமிஷத்தில் முத்தழகின் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஊர் சிரித்ததே, இப்போது உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று. கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனால் அவள் அதைப் பார்த்துவிட்டாள். நான் இவ்வளவுதானா என்று தோன்றியது. மண்ணை மாற்றியபோது வராத வெட்கம் அப்போது வந்தது. காது மடலிலிருந்து கால் வரைக்கும் எரிந்தது.

ஆத்தாவைத் தாண்டி முன்னால் வந்தாள். முந்தானைக்குள்ளிருந்த கையை எடுத்து நீட்டினாள்.

"வா" என்றாள். பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டிருக்காது.

குதிரை திரும்பியது.

அத்தனை பேரையும் விட்டுவிட்டு, எல்லைக்கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, முத்தழகின் உள்ளங்கையில் மூக்கை வைத்தது. குதிரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

வள்ளி தங்கையைப் பார்த்தாள். கோபம் வர நேரம் பிடித்தது. முதலில் வந்தது வெறும் ஆச்சரியம், பழகிய நாய் கடித்தால் வருகிற மாதிரி.

"நீயா?" என்றார் அய்யா.

"ஆமாய்யா."

"மண்ணை எங்கன எடுத்த?"

முத்தழகு ஒரு நாளும் ஊருக்கு முன்னால் வாய் திறந்தவள் இல்லை. திறந்துவிட்டால் பாதியில் நிறுத்தவும் தெரியவில்லை. உரக்கச் சொன்னாள். "கண்மாய்க்குள்ள எடுக்க முடியலைய்யா, கல்லாக் கெடந்துச்சு. கரையில எடுத்தேன். புயல்ல ஒடைஞ்சதும் நீங்க மேட்டாங்காட்டு மண்ணைப் போட்டு அடைச்சீகளே, அங்கன."

அய்யா அவளைத் தடுக்கக் கையைத் தூக்கினார்.

"மேட்டாங்காட்டு மண்ணா?" உக்கிரபாண்டி எல்லைக்கல்லுக்கு அருகில் வந்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "மேட்டாங்காட்டு மண்ணு எதுக்குங்க எங்க கண்மாயைத் தேடி வருது?"

அவர் வாகையேந்தல்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"புயலன்னைக்கு எங்க சனம் அம்புட்டும் சாயல்குடி பள்ளிக்கூடத்துல போய் ஒண்டிக் கெடந்துச்சு. தண்ணி வடிஞ்சு வீட்டுக்கு வந்தா, கண்மாய்க்குள்ள வண்டித் தடம். வீடு மாதிரி ஒரு குழி. அந்தக் குழியில எங்க பொழப்பெல்லாம் போச்சு. எவன் அள்ளுனான்னு இன்னைக்கு வரைக்கும் தேடிக்கிட்டுத் திரியுறோம்."

முத்தழகு சுற்றிலும் பார்த்தாள். புயல் வருஷத்தில் வண்டி ஓட்டிய ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருளாண்டி சட்டையில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அவள் அய்யாவைக் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது. மேட்டாங்காட்டு மண் என்று அவர்தான் வீட்டில் சொன்னார். அவள் நம்பினாள்.

"அய்யா..." என்றாள்.

"பேசாத" என்றார் அவர். அவர் குரல் அவருடையதாக இல்லை.

உள்ளங்கையில் குதிரை கேட்டது: 'கை ஒன்னுது. மண்ணு அவங்களுது. நான் யாருது?'

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடும். போனால் இந்த ஐப்பசியில் தண்ணீர் அங்கேதான் ஏறும். மூன்றாவது வருஷமாக வாகையேந்தல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

டப் என்று ஒரு சத்தம். புதுப்பானை வெடிக்கிற சத்தம். குதிரையின் மார்பில் முடி அகலத்தில் ஒரு விரிசல் ஓடியது.

"இழுத்துப் புடிக்காதத்தா! கையும் மண்ணும் ரெண்டு பக்கம் இழுக்குது. பொளந்துரும்!" என்று கூத்தையா கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினார்.

"வுட்றாத அழகு, வுட்றாத!" என்று பின்னாலிருந்து குரல்கள். "ரெண்டு வருஷமாச்சு! பிள்ளைகளைப் பாரு!"

"வச்சுக்கிருங்க அம்பலாரே" என்றார் உக்கிரபாண்டி. "மண்ணை வச்சுக்கிட்ட மாதிரி இதையும் வச்சுக்கிருங்க. நாங்க கேக்கல. அதுவாத்தான் வந்துச்சு."

முத்தழகு அய்யாவைப் பார்த்தாள். போகச் சொல் என்றோ நிறுத்து என்றோ அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் எல்லைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைத்துண்டு எப்போது தோளுக்கு இறங்கியது என்று தெரியவில்லை.

விரிசல் முன்னங்கால் வரைக்கும் இறங்கியது. குதிரை முனகவில்லை. பிறந்து அரை நாள்கூட ஆகாதது, அவளையே பார்த்தது.

"போ" என்றாள்.

'நீ?'

"நான் இங்கன. நீ போ. ஒன் ஊரு அது."

கையை எடுத்தாள்.

குதிரை நின்றது. பிறகு எல்லைக்கல்லைத் தாண்டியது. நாலு காலும் அந்தப் பக்கம் போனதும் அதன் நடை மாறியது. தாய்வீட்டுத் தெருவுக்குள் நுழைகிறவளின் நடை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடம்பேந்தல் ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு விலகி வழி விட்டார்கள். உக்கிரபாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

முத்தழகின் கை மறுபடியும் நடுங்கத் தொடங்கியது.

ஊர் கலைந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டினால் வண்டிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதனால் எல்லாரும் கொட்டுக்காரர்களைத் திட்டினார்கள், வெயிலைத் திட்டினார்கள், இருளாண்டி ஒரு பனை மட்டையைக் காலால் எத்தினார்.

அய்யா எல்லைக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஆத்தா அவருக்கு அருகில் நின்றுகொண்டு, "நீங்க போங்கடி" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பெண்களையும் அவள் பார்க்கவில்லை.

வழி முழுவதும் வள்ளி முன்னால் போனாள். முத்தழகு பின்னால் வந்தாள். பட்டுச் சேலையின் கரை புழுதியில் இழுபட்டுக்கொண்டே போனது. காலையில் தான் இழுத்துவிட்ட கொசுவம் அது என்று முத்தழகு நினைத்தாள். தூக்கிப் பிடிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் வள்ளி திரும்பி ஓங்கி ஓர் அறை வைத்தாள். முத்தழகு விழுந்துவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடி! 'அக்கா, நான் குடுக்குறேன்'னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா!"

முத்தழகு தலையை நிமிர்த்தினாள். "குடுத்திருக்க மாட்டக்கா."

வள்ளிக்கு மூச்சு வாங்கியது. பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமா. குடுத்திருக்க மாட்டேன்."

இரண்டு பேரும் அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டி வந்திருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலைன்னு ஒனக்குத் தெரியும்ல?" என்றாள் வள்ளி. "நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சுக்கிட்டே என் பக்கத்துல நடந்து வந்த."

"ஆமாக்கா."

"நானும் சொல்லியிருக்கலாம். கேக்கலைய்யான்னு அங்கனயே. ஊரு சிரிக்குமேன்னு பயந்தேன். ஒன்னைப் பாத்து ஊரைச் சிரிக்க வச்சவ, எனக்குன்னு வந்ததும் பயந்துட்டேன்." உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "அது இருக்கட்டும். என் மண்ணு எங்கடி?"

"அக்கா..."

"கடப்பாரை போட்டு எடுத்தேனே, என் மண்ணு. கொட்டிட்டியா?"

"இல்லக்கா. கொட்ட மனசு வரல. என் மஞ்சப் பையில இருக்கு. உத்திரத்து ஆணியில."

இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள்.

மஞ்சள் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. வீட்டுக்குள் காற்று இல்லை. பை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. நின்றது. தூக்கத்தில் புரள்கிற குழந்தைபோல் ஒரு பக்கமாகப் புடைத்து, மறுபடியும் ஆடியது.

வள்ளி எழுந்து உரலின் மேல் ஏறினாள். நடுங்குவது இப்போது அவள் கை. பையின் அடியில் உள்ளங்கையை வைத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"அழகு... எனக்குக் கேக்குதுடி."

"நெசமாவா?"

"இன்னைக்குச் சொன்ன ஒரு பொய் பத்தாதா எனக்கு?"

முத்தழகு எழுந்து உரலுக்கு அருகில் வந்தாள். தன் கையையும் நீட்டப் போனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"என்னக்கா சொல்லுது?"

வள்ளி குனிந்து தங்கையைப் பார்த்தாள். புழுதியும் கண்ணீரும் மையும் கலந்த அந்த முகத்தில், காலையில் கண்ணாடிக்கு முன்னால் இருந்த பெண்ணின் சாடைகூட இல்லை.

"கரையைச் சுத்திவரக் கால் கேக்குது" என்றாள்.